இரும்பை இறக்கியாச்சா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. அந்த வரிக்கு உரிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

போனில் உன்னோடு பேசி முடித்த பிறகு ஒவ்வொரு முறையும் எதையுமே சொல்லவில்லை என்று தோன்றுகிறது. நீ 'ஏதாவது தெரிஞ்சுதாடி?' என்று கேட்கிறாய். நான் 'இன்னும் இல்லக்கா' என்கிறேன். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிறோம். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறவளை நீதானே காலைப் பிடித்து வெளியே இழுப்பாய். அதனால் எழுதுகிறேன். சாமான் வண்டி அடிக்கடி ஊருக்குள் போகிறது. ஓட்டுநரிடம் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவார்.

முதலில் செய்தி. அரசாங்கத்தின் தேடுதல் நேற்றோடு நின்றுவிட்டது. நிறுத்திவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. 'தகவல் ஏதாவது கெடச்சா மறுபடி வருவோம்' என்று சொல்லிவிட்டு ஹெலிகாப்டரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த மலையை மேலிருந்து பார்த்தால் தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவ்வளவு அடர்ந்த காடு. ஒரு விமானம் உள்ளே போய்விட்டால் கிளைகள் மறுபடி கூடிக்கொள்ளும். விபத்து நேர்ந்தால் தானாகவே கூப்பிடுகிற கருவி அத்தானின் விமானத்திலும் இருந்தது. அது கூப்பிடவில்லை. உடைந்திருக்கலாம், தண்ணீரில் கிடக்கலாம் என்கிறார்கள்.

அன்று என்ன நடந்தது என்று நீ மறுபடி மறுபடி கேட்கிறாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். இந்தப் பகுதியில் பறக்க வேண்டிய கோடுகளில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மலை முகட்டில் மேகம் சேர ஆரம்பித்திருந்தது. முகாம் தலைவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தான் சிரித்துக்கொண்டே 'ஒரு கோடுதானே சார், போய்ட்டு வந்து சாப்பிடறேன்' என்றார். விமானம் எங்கே இருக்கிறது, அங்கே என்ன அளந்தது என்று சற்றைக்கொரு முறை எங்கள் திரைக்கு ஒரு புள்ளி வரும். கடைசிப் புள்ளி அந்தக் கோடு மலையில் ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் புள்ளி இல்லை. முகாம் தலைவர் தன் தட்டை மூடியே வைத்திருந்தார், அத்தான் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம் என்று.

காந்தமலை இழுத்துவிட்டது என்று மாடி வீட்டு அம்மா சொன்னார்களாமே. இல்லை அக்கா. அதை நம்பாதே. பூமி முழுக்க ஒரு காந்தப் புலம் இருக்கிறது. அது எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. கீழே என்ன பாறை இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு துளி கூடும், ஒரு துளி குறையும். அந்தக் கூடுதலும் குறைவும் ஒரு குண்டூசியைக்கூட அசைக்காது. அவ்வளவு சின்னது என்பதால்தான் அதை அளக்க இத்தனை பாடு. வாலில் குழாய் நீட்டி, அதற்குள் கருவியை வைத்து, உழுகிறவன் சால் போடுகிற மாதிரி இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு என்று போய்ப் போய் வர வேண்டும். அதுவும் தரையை ஒட்டியே. மலை ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். மாலையில் அந்தக் கோடுகளெல்லாம் என் மேசைக்கு வரும். அவற்றைச் சேர்த்து நீலமும் சிவப்புமாக ஒரு வரைபடம் ஆக்குவது என் வேலை. கோட்டம்மா என்று எனக்குப் பெயர் வைத்ததே உன் வீட்டுக்காரர்தான்.

இப்போது நல்ல செய்தி என்று சொல்லத்தக்க ஒன்று. கம்பெனியின் இன்னொரு விமானம் வேறு முகாமிலிருந்து வருகிறது. அந்த முகட்டின்மேல் மிக நெருக்கமாகக் கோடு போட்டுப் பறக்கப் போகிறது. கண்ணுக்குத் தெரியாதது கருவிக்குத் தெரியலாம். என்ஜின் இரும்புதானே. 'நீ பாக்கற மேப்புல அவரு தெரியாமயா போயிடுவாரு?' என்று நீ கேட்டது காதிலேயே இருக்கிறது. தெரிந்தால் முதலில் உனக்குத்தான்.

ஏறுவதற்கு முன் விமானிகள் உடம்பில் உள்ள இரும்பையெல்லாம் கழற்றி ஒரு பச்சை பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். கருவி அதையும் சேர்த்து அளந்துவிடும் என்பதால் இங்கே அப்படி ஒரு முறை. முகாம் தலைவர் தினமும் வாசலில் நின்று 'இரும்பை இறக்கியாச்சா?' என்று கேட்பார். அத்தான் ஒரு நாள் சொன்ன பதில் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். 'எல்லாம் இறக்கியாச்சு சார். பொண்டாட்டி போன்ல சொன்ன ஒரு வார்த்த மட்டும் நெஞ்சுல இருக்கு. அது இரும்பா எஃகான்னு தெரியல.' நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவருடைய தட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வாட்ச் இருக்கிறது.

நீ இரவில் முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறாயாம். அம்மா வருத்தப்பட்டாள். குட்டியும் நீயும் தனியாக இருக்கிற வீடு. போட்டுக்கொள். சாப்பிடு. குட்டிக்கு என் முத்தம்.

உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ பதில் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை. குட்டி படம் போட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விமானத்துக்கு மூக்கைப் பின்னால் வரைந்திருக்கிறாள். ஆசிரியை தப்பு என்று திருத்தினார்களாம். தப்பே இல்லை, எங்கள் விமானத்துக்கு மூக்கு வாலில்தான். அவளிடம் சொல். படத்தை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

தாழ்ப்பாளைப் பற்றி நீ எழுதியதையும் படித்தேன். 'அவர்ட்ட சாவி இருக்கு. எப்ப வந்தாலும் யாரையும் எழுப்பாமத் தானே தொறந்துட்டு வருவாரு. நான் உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டா அந்தச் சாவி எதுக்குடி?' அடுத்ததற்குப் போகிறேன்.

இரண்டாவது விமானம் வந்துவிட்டது. ஓட்டுபவர் ஒரு பெண்மணி. என்னைவிடக் குறைவாகப் பேசுகிறார், அதனால் நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம். முதல் நாள் பறப்பதற்கு முன் அத்தான் போட்ட பழைய கோடுகளையெல்லாம் என் திரையில் காட்டச் சொன்னார். நெடுநேரம் பார்த்துவிட்டு, 'ரூலர் வெச்சு இழுத்த மாதிரி போயிருக்காரு மனுஷன்' என்றார். இதை உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதே எடுத்து வைத்துக்கொண்டேன். காற்று அடிக்கிற மலையில் அப்படிப் பறப்பது சாதாரணமில்லை.

பித்தளை அண்ணனைப் பற்றி அத்தான் சொல்லியிருப்பார். எங்கள் மெக்கானிக். அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் இங்கே என்ன சிக்கல் என்று உனக்குப் புரியும்.

வாலில் இருக்கிற கருவிக்குப் பூமி வேறு, விமானம் வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. விமானத்தில் உள்ள ஒவ்வொரு இரும்புத் திருகும் பூமியோடு சேர்ந்து அதன் காதில் விழும். அதை நாங்கள் சத்தம் என்போம். வாங்கியபோது அத்தானின் விமானம் ஒரே சத்தம். போன மழைக்காலம் முழுவதும் அத்தானும் அண்ணனும் கொட்டகையிலேயே கிடந்தார்கள். எஃகுத் திருகைக் கழற்றிப் பித்தளைத் திருகு போட்டார்கள். மாற்றக்கூடியதையெல்லாம் அலுமினியமாக மாற்றினார்கள். மாற்ற முடியாததில் ஏறியிருந்த காந்தத்தைச் சுருள் கம்பி சுற்றி எடுத்தார்கள். அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் பித்தளைத் திருகுகள் கலகலத்துக்கொண்டிருக்கும். அப்படி வந்த பெயர்.

வேலை முடிந்ததும் உயரத்தில் கொண்டுபோய்ச் சோதனை செய்தார்கள். நாலு திசையிலும் விமானம் தலையை ஆட்ட வேண்டும், தோளைக் குலுக்க வேண்டும், வாலை அசைக்க வேண்டும். அத்தான் வீட்டுக்கு வந்தால் குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாரே, அந்தக் கொக்கு ஆட்டம் இதுதான். அன்றைய கோடுகள் என் திரையில் வந்தபோது நான் கருவி வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன். அவ்வளவு ஆட்டத்துக்கும் கோடு அசையவில்லை. இவ்வளவு அமைதியான விமானத்தைத் தன் வேலைக்காலத்தில் பார்த்ததில்லை என்றார் முகாம் தலைவர். அத்தான் அதற்கு ஊமைக்கொக்கு என்று பெயர் வைத்தார். பித்தளை அண்ணனுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை.

புரிகிறதா அக்கா. எந்தக் கருவியின் காதில் விழவே கூடாது என்று அதைச் செய்தார்களோ, அதே கருவியை வைத்துக்கொண்டு இப்போது அதைத் தேடுகிறோம்.

அண்ணன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கொட்டகை வாசலில் இருந்தவரிடம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, 'எல்லாரும் பொருள் தொலையாம இருக்க வழி பண்ணுவாங்க. நான் தொலைஞ்சா கெடைக்காத மாதிரி ஒண்ணப் பாத்துப் பாத்துப் பண்ணிருக்கேன், தங்கச்சி' என்றார். ஒரு திருகையாவது விட்டிருக்கலாமே என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டாரா தெரியவில்லை. டீ ஆறிப்போனது.

என்ஜினை மாற்ற முடியாது, அது இரும்புதான். சமவெளியாக இருந்தால் வயலில் நிற்கிற டிராக்டரைக்கூட என் கோட்டில் காட்டுவேன். ஆனால் இந்த மலை எப்போதோ நெருப்புக் குழம்பாக வழிந்து உறைந்த கரும்பாறை. உள்ளே இரும்புத் துகள் நிறைய. பாறையே கத்துகிறது. நான் சந்தை நடுவில் நின்றுகொண்டு ஒரு கொசு பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

இன்னொன்று. விசாரணைக்கு வந்தவர்கள் அன்று காந்தப் புயல் ஏதாவது அடித்ததா, திசைகாட்டி குழம்பியிருக்குமா என்று கேட்டார்கள். சூரியனால் சில நாட்களில் பூமியின் புலமே நடுங்கும். அதைக் குறித்துக்கொள்ள, சாலையும் மின்கம்பியும் இல்லாத ஒரு வெற்று நிலத்தில் தனியாக ஒரு கருவி நட்டு வைத்திருக்கிறோம். அதன் பதிவை எடுத்துப் பார்த்தேன். அன்று முழுவதும் பூமி தூங்குகிற குழந்தை மாதிரி இருந்திருக்கிறது. ஒரு சின்னப் புயல் இருந்திருந்தால் அதையாவது காரணம் என்று உனக்கு அனுப்பியிருப்பேன். அதுவும் இல்லை.

வேலைக்குத் திரும்பப் போவதாக எழுதியிருந்தாய். போ. குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்து வர அம்மாவை வரச் சொல். தனியாகச் சமாளிக்கிறேன் என்று அம்மாவிடம் முறுக்கிக்கொள்ளாதே. அவளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து மேசையைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் உன் குரல் மேலே போகும். அது மறுபடி கீழே வருவதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. எழுதி வைக்கிறேன். அனுப்புவதா என்று பிறகு பார்க்கலாம்.

நேற்று வந்த கோடுகளில் ஓர் இடத்தில் ஊசி மாதிரி ஒரு குத்து இருந்தது. குத்துகள் வருவது புதிதில்லை. தகரக் கூரை, மின்கோபுரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படித்தான் தெரியும். மனிதர்கள் போட்டுவிட்டுப் போன இரும்பு. பாறைதான் எங்களுக்கு வேண்டும், மனிதன் வேண்டாம் என்பதால் அவற்றைத் தேடித் தேடி அழிப்பது என் தினசரி வேலை. கை தானாக அழிக்கப் போய்விட்டது அக்கா. பாதியில் நின்றது. அந்த முகட்டில் கூரையும் இல்லை, கோபுரமும் இல்லை.

பக்கத்துக் கோட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே இடத்தில் சின்னதாக ஒன்று. கருவியின் கோளாறு என்றால் இரண்டு கோட்டில் ஒரே இடத்தில் வராது. முகாம் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 'ஆசப்படாதம்மா' என்றார். சொல்லிவிட்டு அவரே பைலட் அம்மாவிடம் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பைலட் அம்மா குறுக்காக ஒரு முறை, இன்னும் தாழ்வாக ஒரு முறை பறந்து வந்தார். இருக்கிறது. ஒரு என்ஜின் அளவுக்கான இரும்பு அங்கே இருக்கிறது. அத்தானின் கடைசிப் புள்ளியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓடை இறங்குகிற பள்ளத்தில்.

இன்று விடியும்போது ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். காட்டிலாகாக் காவலர்கள், முகாம் தலைவர், பித்தளை அண்ணன். அண்ணனை வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், முழங்கால் வலிக்காரர். 'அத அக்கு அக்காக் கழட்டிச் சேத்தவன் நான். ஒரு துண்டு கெடந்தாலும் எனக்குத்தான் தெரியும்' என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக நடந்தார். போகும்போது ரொட்டியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டார். யாருக்குப் போர்வை என்று யாரும் கேட்கவில்லை.

நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். குட்டியின் படம் மேலே இருக்கிறது. இன்று எந்தக் கோட்டையும் அழிக்கவில்லை. மனிதர்கள் போட்ட இரும்பெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன். இத்தனை கூரைகள், இத்தனை வேலிகள். எவ்வளவு பேர் இருக்கிறார்கள் பார், அக்கா.

இனி வருவது மறுநாள் எழுதுவது.

அது ஒரு கொதிகலன். எப்போதோ அந்த ஓடைக் கரையில் மரம் அறுக்கிற பட்டறை இருந்திருக்கிறது. பட்டறை மண்ணோடு போய்விட்டது. கொதிகலன் மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே ஒரு மரமே முளைத்திருக்கிறதாம். முகாம் தலைவர் ரேடியோவில் சொன்னபோது அதிகாரி குரலில் சொன்னார், அறிக்கை வாசிக்கிற மாதிரி. அப்படிச் சொன்னால்தான் சொல்ல முடியும் என்று எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்தபோது பித்தளை அண்ணன் போர்வையைக் கையில் மடித்தபடியே கொண்டுவந்தார். 'நல்ல இரும்பு தங்கச்சி. அந்தக் காலத்து இரும்பு. சும்மா சொல்லக்கூடாது' என்றார். அப்புறம் கொட்டகைக்குப் போய், ஒரு வேலையும் இல்லாத இடத்தில் ஏதோ ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

நீ என்னை நம்பி இருக்கிறாய். அந்த இரண்டு கோட்டைப் பார்த்தபோது நானும் என்னை நம்பினேன். இந்தக் கடிதத்தை அனுப்ப முடிவு செய்துவிட்டேன். நடந்ததை நீ வேறு யார் வாயாலும் கேட்கக்கூடாது.

உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

முகாமைக் கலைக்கிறார்கள். மழை இறங்கிவிட்டது. மலை பாதி நாள் கண்ணுக்கே தெரிவதில்லை. கூடாரங்களை மடித்து வைத்த இடத்தில் வெளுத்த புல் சதுரம் சதுரமாகக் கிடக்கிறது. பைலட் அம்மா நேற்றுப் போனார். புறப்படும்போது என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டார். எனக்குப் பிடித்த மாதிரியான விடை.

மழைக்கு அப்புறம் மறுபடி தேடுவார்களா என்று நீ கேட்பாய். கேட்டால் முகாம் தலைவர் 'பாக்கலாம்' என்கிறார். அவர் பார்க்கலாம் என்று சொல்கிற விதம் எனக்குத் தெரியும். உனக்கு நான் பொய் எழுத மாட்டேன். பறந்து பார்க்க வேண்டிய இடமெல்லாம் பறந்தாயிற்று. நான் பார்க்க வேண்டிய கோடெல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அந்தப் பாறையின் கூச்சலுக்கு அடியில் ஊமைக்கொக்கு எங்கோ இருக்கிறது. அது எங்கே என்று சொல்ல என்னால் ஆகவில்லை. இனி யாராலும் ஆகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

வரைபடம் முடிந்துவிட்டது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன், படிக்கக் கஷ்டமாக இருந்தால் தாண்டிப் போ. அத்தான் தொடங்கிய அந்தக் கடைசிக் கோட்டைப் பைலட் அம்மா வேறொரு நாளில் பறந்து முடித்துக் கொடுத்திருந்தார். முன்பாதி அத்தானுடையது, சற்றைக்கொரு முறை திரைக்கு வந்து சேர்ந்த வரை. அதற்கு அப்பால் அந்த அம்மாவுடையது. இரண்டையும் ஒட்ட வேண்டும். இரண்டு நாள், இரண்டு விமானம், இரண்டு கை. ஒட்டிய இடத்தில் ஒரு வரம்பு தெரியும். அந்த வரம்பு தெரியாமல் செய்வதுதான் என் தொழில்.

முதலில் வரம்பை விட்டேன். படத்தில் முகட்டின் அடியில் மெல்லிசாக ஒரு கோடு. யாராவது பார்த்தால் இங்கே ஏதோ நின்றிருக்கிறது என்று நினைக்கட்டும் என்று விட்டேன். முகாம் தலைவர் வந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தப்பாது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 'அவன் இருந்தா உன்னத் திட்டியிருப்பான்மா. என்ன கோட்டம்மா, தையல் பல்ல இளிக்குதுன்னு' என்றார். சரியாக அத்தானின் குரலிலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நிற்கவில்லை. அவர் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

சரி செய்துவிட்டேன். நன்றாகவே செய்தேன். இப்போது அந்தப் படத்தில் மலை ஒரே மலையாக இருக்கிறது. பெரிய சிவப்பு, ஓரத்தில் நீலம். அவர் எங்கே முடிந்தார், இன்னொருவர் எங்கே தொடங்கினார் என்று என்னாலேயே இனி கண்டுபிடிக்க முடியாது. அழகான படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

குட்டி தலையணையைத் தூக்கி வைத்துக்கொண்டு கொக்கு ஆட்டம் ஆடுகிறாள் என்று எழுதியிருந்தாய். 'அப்பா தலையாட்டறாரு, அப்பா தோள் குலுக்கறாரு' என்று அவளே பாட்டும் கட்டியிருக்கிறாளாமே. நிறுத்தச் சொல்லாதே. அவள் வாலசைப்பதை மறந்துவிட்டாள் என்றால் மட்டும் சொல்லிக் கொடு. முதலில் தலை, பிறகு தோள், கடைசியில் வால்.

பித்தளை அண்ணன் உனக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். நேரில் வர வேண்டும், ஆனால் எந்த முகத்தோடு வருவது என்றார். உங்கள் முகத்தோடு வாருங்கள் அண்ணா, அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று உன்னைக் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். வந்தால் உட்கார வைத்து டீ கொடு. ஆறவிடாமல் குடிக்கச் சொல்.

பச்சைத் தட்டை முகாம் தலைவர் என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதில் வாட்ச் மட்டும் இல்லை, அக்கா. உன் வீட்டு முன்கதவின் நீள இரும்புச் சாவியும் இருக்கிறது. அன்று முகாம் தலைவர் வாசலில் நின்று வழக்கம்போல 'இரும்பை இறக்கியாச்சா?' என்று கேட்டதும், அத்தானே பையிலிருந்து எடுத்துப் போட்டது. ஏறும்போது இரும்பு என்று அவரிடம் எதுவும் இல்லை.

வாட்சைக் குட்டிக்கு நானே கொண்டுவருகிறேன். சாவி என்னிடம் இருக்க வேண்டாம் என்று தோன்றியது. உறைக்குள் ஆடாதபடி பித்தளை அண்ணன் அதைத் துணியில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். இத்துடன் இருக்கிறது. தையலைப் பிரிப்பதும் பிரிக்காததும் உன் விருப்பம்.

நான் அடுத்த வாரம் வந்துவிடுவேன். மணி அடிக்கிறேன். நீ எழுந்து வந்து திறக்க வேண்டியிருக்கும், திற. அதுவரை நீங்கள் இருவரும் பத்திரமாக இருக்க வேண்டும். இரவில் படுக்கப் போகும்போது உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொள், அக்கா.

உன் தங்கை